காசநோய்த் தடுப்பில் சோற்றின் பங்கு



நோய்த் தடுப்பு மருத்துவக் கருத்தரங்கின் தலைமை உரையில் புதிய தடுப்பூசி, புதிய சோதனைக் கருவி என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேசப் போவது அரிசியையும் துவரம்பருப்பையும் பற்றி.

1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேர் சானடோரியத்தில், மீதிப் பேர் தங்கள் வீட்டில், ஒரே மருந்துகளை ஓராண்டு உட்கொண்டார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு ஓய்வும் குறைவு, சாப்பாடும் மட்டம். இருந்தும் ஏறக்குறைய சமமாகவே குணமானார்கள். 1959இல் வெளியான அந்த முடிவோடு சானடோரியங்களின் காலம் உலகெங்கும் முடிவுக்கு வரத் தொடங்கியது. நம் ஊர் மருத்துவ ஆராய்ச்சியில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்கவை மிகச் சில.

ஆனால் அந்த முடிவை நாம் தாராளமாகவே நீட்டிவிட்டோம். மருந்து ஒழுங்காகச் சேர்ந்தால் அரைவயிற்றுக்காரரும் குணமாவார் என்றுதான் அது சொன்னது. காசநோய்க்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பில்லை என்று நாம் எடுத்துக்கொண்டோம். நோயாளியோடு ஒரே உலையில் வெந்த சோற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நோய் வராமல் உணவால் தடுக்க முடியுமா என்பது வேறு கேள்வி. அதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்க அறுபது ஆண்டுகள் ஆயின.

சோதித்தவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழுவினர்; சோதித்த இடம் ஜார்க்கண்ட். சென்னை மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கேற்றது. 2,800 நோயாளிகள், அவர்களின் வீடுகளில் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் தரப்பட்டது. தராமல் விடுவது அறமாகாது. ஒரு பிரிவில் மட்டும் வீட்டாருக்கும், ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள். 2023இல் லான்செட் இதழ் முடிவை வெளியிட்டது. அந்த வீடுகளில் காசநோய் 39 சதவீதம் குறைந்திருந்தது. கிருமி உறுதியான நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு தடுப்பூசி இவ்வளவு செய்திருந்தால் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வந்திருக்கும்.

குறை சொல்ல இடமில்லாமல் இல்லை. எந்த வீட்டுக்கு அரிசி போகிறது என்பதை மறைத்து வைக்க முடியாது. மறுபுறம், நோயாளிக்கு மட்டும் கொடுத்த வீடுகளில் அவர் தனியாகவா சாப்பிட்டிருப்பார்? பகிர்ந்திருப்பார். அப்படியானால் உண்மையான பலன் இதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம்.

இதை அப்படியே தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்துவிட முடியாது. இங்கே ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, பற்றாக்குறை புரதத்தில். தவிர, 2012இல் வெளியான நம் மாநில ஆய்வு ஒன்றில் காசநோயாளிகளில் நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அவருக்கு மேலும் ஐந்து கிலோ அரிசி கொடுத்துவிட்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது. முட்டையா, கடலையா, பயறா, யாருக்கு எவ்வளவு என்பதை இங்கேதான் கணக்கிட்டாக வேண்டும்.

தொடங்க ஓர் இடம் இருக்கிறது. 2022இல் வந்த காசநோய் இறப்பிலாத் திட்டத்தில், நோய் உறுதியானதும் செவிலியர் என்ன செய்கிறார்? எடையும் உயரமும் பார்க்கிறார். மூச்சை எண்ணுகிறார். விரல் நுனியில் ஆக்சிஜன் அளவு பார்க்கிறார். காலில் வீக்கம் உண்டா என்று பார்க்கிறார். பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று கேட்கிறார். மருத்துவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மோசமானவரை அங்கேயே பிரித்தெடுத்து மருத்துவமனைக்கு அனுப்பலாம். ஜார்க்கண்டிலும் சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடம் இறப்பு 61 சதவீதம் குறைவாகவே இருந்தது.

அந்த எடைக் கருவி நோயாளியோடு நின்றுவிடுகிறது. வீட்டாரைச் சளி சோதனைக்கு அழைக்கும் அதே நாளில் அவர்களையும் அதன்மேல் ஏற்றிப் பார்க்கலாம் என்பது என் கருத்து. அதற்குத் தனி நிதி வேண்டாம். அந்தக் கணக்கு ஓராண்டு சேர்ந்தாலே, உணவு யாருக்கு முதலில் போக வேண்டும் என்று அரசிடம் நாம் ஆதாரத்தோடு பேசலாம். இன்று பிற்பகல் அமர்வில் மாவட்டக் காசநோய் அலுவலர்கள் இதில் உள்ள சிக்கல்களைத் தயங்காமல் சொல்ல வேண்டும். குறிப்பாக, பகலில் வேலைக்குப் போய்விடும் வீட்டாரை எப்படிப் பிடிப்பது என்பதை.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.