ஊசி யாரைக் குத்துகிறது?

(தளியில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். ஆஸ்பத்திரியில் உபயோகித்துக் கழித்த ஊசி, குழாய், கத்தி முதலியவை பிறகு எங்கே போகின்றன என்பதே அது. வியாதியஸ்தர் குணமாகி வீடு திரும்பிவிடுகிறார். அவரைக் குத்திய ஊசியோ இன்னொருவரைக் குத்தக் காத்திருக்கிறது. அந்த இன்னொருவர் யார்? டாக்டரா? பணக்காரரா? இல்லை. பெரும்பாலும் குப்பை அள்ளும் நம் தோழரேயாவார். எய்ட்ஸ் கிருமியும் ஈரலைக் கெடுக்கும் காமாலைக் கிருமியும் அந்த ஊசிமுனையில் இருக்கக்கூடும்.

மற்ற தேசத்தார் என்ன செய்தார்கள்? 1987, 1988-ம் வருஷங்களில் அமெரிக்காவில் நியூயார்க், நியூஜெர்சி கடற்கரைகளில் ஊசிகள் ஒதுங்கின. உடனே 1988-லேயே, இக்கழிவு எங்கே புறப்பட்டு எங்கே முடிகிறதென்று சீட்டு வைத்துத் தொடரும்படி, சில மாகாணங்களில் இரண்டு வருஷப் பரீட்சையாகச் சட்டம் செய்தார்கள். பிரான்சில் வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு மருந்துக் கடையில் ஊசி போடும் பெட்டி இனாம். அதைத் திரும்ப வாங்கி அழிக்கும் செலவு, சரக்கை விற்கும் கம்பெனிகளைச் சேர்ந்தது. லாபம் யாருக்கோ அவருக்கே பொறுப்பும் என்பது நியாயமல்லவா?

நம் நாட்டில் சட்டமில்லையா? 1998-லேயே விதி வந்தது. 2016-ல் புது விதியும் வந்தது. ஊசிக்கும் கத்திக்கும் துளைபடாத வெள்ளை டப்பா, பிளாஸ்டிக் குழாய்க்குச் சிவப்பு, கண்ணாடிக்கும் உடம்பில் பொருத்தும் உலோகத்துக்கும் நீலம், சதைக்கும் ரத்தம் தோய்ந்த துணிக்கும் மஞ்சள் என்று நிறம்கூட வகுத்திருக்கிறார்கள். வீட்டு ஊசியைத் தனியாக வாங்க வேண்டுமென்றும் 2016-ம் வருஷத்து விதி சொல்லிற்று.

அப்படியிருந்தும், 2024 டிசம்பரில் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவு திருநெல்வேலிக் கிராமங்களில் கொட்டிக் கிடந்தது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகே லாரியில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோனார்கள். எல்லை தாண்டினால் விஷம் அமுதமாகிவிடுமா? கர்நாடக எல்லையிலுள்ள தளிக்காரர்களாகிய நாம் இதை யோசிக்க வேண்டாமா?

ஆனால் கேரளத்தாரை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? நம் வீட்டு இன்சுலின் ஊசியை நாம் எங்கே போடுகிறோம்? எச்சில் இலையோடு தெருவில்! கேட்டால், “அள்ளுவது அவன் ஜாதித் தொழில், அவன் தலையெழுத்து” என்கிறோம். தொட்டால் தீட்டு என்று பயப்படுகிறவன், தான் எறிந்த ஊசி பிறர் கையில் ஏறுமே என்று பயப்படுவதில்லை! பிரான்சுக்காரன் ஊசிக்குப் பெட்டி செய்தான். நாமோ அதற்கு ஒரு ஜாதியையே செய்து வைத்திருக்கிறோம். சட்டம் ஏட்டில் தூங்குவதற்கு இந்தப் புத்தியே பெரிய காரணமாகும்.

ஆகவே தோழர்களே! இன்று முதல் வீட்டு ஊசியைக் கெட்டியான மூடி போட்ட டப்பாவில் சேருங்கள். குப்பையோடு கலக்காமல், இன்னதென்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். அதை வாங்க ஓர் இடம் வேண்டுமென்று பஞ்சாயத்தைக் கேளுங்கள். அள்ளுகிறவர் கைக்கு உறையும், காமாலைத் தடுப்பு ஊசியும் கிடைத்ததா என்றும் கேளுங்கள். அவர் கையும் நம் கையைப் போன்ற கைதான் என்று உணர்வதே சுயமரியாதை.