செப்புத் தகட்டில் ஒரு கிளர்ச்சி



ஒல்லாந்தர் என்றதும் எமக்கு நினைவில் வருவன யாழ்ப்பாணக் கோட்டையும் தோம்பும். 1658இல் எம்மை ஆளவந்த அவர்கள், அதற்கு 90 ஆண்டுகளுக்கு முன்னர் தாமே ஸ்பானிய மன்னனுக்கு எதிராகக் கிளர்ந்தவர்கள். அப்போது வாளோடு செப்புத் தகட்டையும் கையிலெடுத்தார்கள். அக்கதையையே இன்று சொல்ல எண்ணினோம்.

1567இல் இரண்டாம் பிலிப்பு மன்னன் ஆல்வாப் பிரபுவைப் படையுடன் நெதர்லாந்துக்கு அனுப்பினான். அடுத்த ஆண்டு எக்மொண்ட், ஹோர்ன் என்னும் பிரபுக்கள் பிரசெல்ஸ் நகரில் சிரச்சேதம் செய்யப்பட்டனர். வாய் திறப்பதே ஆபத்தாயிற்று. 1569ஆம் ஆண்டளவில், செதுக்கியவர் பெயர் இல்லாத சித்திரம் ஒன்று அச்சாகி வெளிவந்தது.

அதனைச் சற்று நின்று பார்ப்போம். ஆல்வா சிம்மாசனத்தில் இருக்கிறான். முன்னே 17 கன்னியர் பிணிக்கப்பட்டு முழந்தாளிடுகின்றனர். அவர்களே 17 மாகாணங்கள். கர்தினால் கிரான்வெல் துருத்தி கொண்டு ஆல்வாவின் காதில் ஊதுகிறார். துருத்தி எதற்கென்று கொல்லன் பட்டறையைக் கண்ட எவனுக்கும் தெரியும், எழுத்தறிவு வேண்டியதில்லை. முன்னர் ஆட்சி நடத்திய மார்கிரட் சீமாட்டி இரத்தக் குளத்திலே மீன் பிடிக்கிறாள். ஆயினும் எம்மை உறுத்துவது வேறு: நாட்டின் சபையோர் கற்சிலைகளாய்ச் சமைந்து பேசாதிருக்கிறார்கள். பகைவனை ஏசுவது எளிது. தம்மவரின் மௌனத்தையும் அதே தகட்டில் செதுக்கினானே, அவன் துணிவே துணிவு!

பிரான்ஸ் ஹோகன்பேர்க் என்பவர் ஆல்வாவின் கைக்கு எட்டாத கொலோன் நகரிலிருந்து தொழில் செய்தார். 1576இல் சம்பளம் கிடையாத ஸ்பானியப் படையினர் அன்ட்வேர்ப் நகரைச் சூறையாடினர். அக்கொடுமையை அவர் செதுக்கி, கீழே சில அடிச் செய்யுளும் சேர்த்து வெளியிட்டார். சனங்களுக்கு அதுவே செய்தித்தாள். 1583இல் 17 மாகாணங்களையும் ஒரே சிங்கமாகக் காட்டும் தேசப்படமும் அவர் பட்டறையிற் பிறந்தது.

வடபால் ஏழு மாகாணங்களே விடுதலை பெற்றன. 1648இல் ஸ்பெயின் அதை ஒப்புக்கொண்டது. பத்தே ஆண்டுகளில் அவர்களின் கொடி யாழ்ப்பாணக் கோட்டையில் ஏறியது. கட்டுண்டு முழந்தாளிட்ட கன்னியரை வரைந்த சாதிதான், கோயில் வழிபாட்டை எம்மவர் பகிரங்கமாக நடத்தவொட்டாது தடுத்தது. 1737இல் அவர்கள் கொழும்பில் அமைத்த அச்சுக்கூடத்திலே தமிழும் அச்சாயிற்று. ஆனால் அவர்கள் சமயத்துக்காக. யாழ்ப்பாணத்துச் சைவர் கையில் ஓர் அச்சுயந்திரம் வர 1849 வரை செல்ல வேண்டியிருந்தது. அதை வண்ணார்பண்ணையில் நிறுவியவர் ஆறுமுக நாவலர்.