மழை நாட்டுக்கு எந்த டயர்?

விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போகும் உங்களுக்கு ரப்பரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மரத்திலிருந்து மங்குக்கு வரும் வரையில் அதன் கதையை நீங்கள்தாம் நன்கு அறிவீர்கள். உலகில் விளையும் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி டயர் செய்யப் போகிறது. அந்த டயர் சாலையில் இறங்கிய பிறகு என்ன செய்கிறது என்பதையே இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

சிங்கப்பூரின் வடமேற்கே சுவா சூ காங் என்னும் வட்டாரம் இருக்கிறது. ஒரு காலத்தில் அதுவும் தோட்டக்காடுதான். முதலில் கம்பீரும் மிளகும் விளைந்தன. பிறகு ரப்பர் வந்தது. இன்றோ அங்கே அடுக்குமாடி வீடுகள் நிறைந்திருக்கின்றன. பக்கத்திலேயே கிராஞ்சி விரைவுச்சாலை ஓடுகிறது. தோட்டத்தில் பிறந்து அங்கே குடியேறிய குடும்பத்துப் பிள்ளை ஒருவர், ஆசையோடு ஒரு வேகக் கார் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். டயர் தேய்ந்ததும் அவருக்கு ஒரு கேள்வி எழுகிறது. கோடை டயர் போடுவதா, எல்லாப் பருவ டயர் போடுவதா? 'நம் நாட்டில் வெயிலும் உண்டு, மழையும் உண்டு. ஆகவே எல்லாப் பருவ டயர்தானே நல்லது' என்று அவர் எண்ணுகிறார். இந்த எண்ணம் சரிதானா?

விடை காண, ரப்பரின் குணத்தை முதலில் நினைவுகூர்வோம். பச்சை ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும். கடுங்குளிரில் விறைத்து வெடிக்கும். அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டில், ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை பெரிதும் நீங்கும் என்று கண்டார். பெரிதும் நீங்கியதே தவிர, முற்றிலும் நீங்கவில்லை. இன்றைக்கும் வெப்பத்துக்கென்று கலந்த ரப்பர் குளிரில் கெட்டிப்படுகிறது. குளிருக்கென்று கலந்த ரப்பர் வெப்பத்தில் அளவுக்கு மீறி இளகுகிறது. டயரில் பல வகை உண்டானதற்கு இதுவே காரணம்.

கோடை டயரின் ரப்பர் வெப்பமான சாலையில் உறுதியாகப் பற்றிக்கொள்ளும்படி கலக்கப்பட்டது. வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் அது விறைக்கத் தொடங்கும், பிடிப்பு குறையும். எல்லாப் பருவ டயரோ, அந்தக் குளிரிலும் ஓரளவு நெகிழ்ந்து, இலேசான பனியிலும் ஓடும்படி செய்யப்பட்டது. அதற்காக அதன் மேற்பரப்பில் மெல்லிய கீறல்கள் நிறைய இடுவார்கள். அந்தக் கீறல்களுக்கு ஒரு விலை உண்டு. வெப்பமான சாலையில் வேகமாகத் திரும்பும்போது, கீறலுக்கு இடைப்பட்ட ரப்பர்க் கட்டைகள் நெளிகின்றன. திருப்பத்தில் உறுதி குறையும். திடீரெனப் பிரேக் போட்டால், நல்ல கோடை டயரைவிடச் சற்றுத் தள்ளியே வண்டி நிற்கும்.

ஆகவே, 'எல்லாப் பருவம்' என்று அவர்கள் சொல்வது பனிக்காலத்தையும் சேர்த்துத்தான். சுவா சூ காங்கில் நள்ளிரவிலும் பொதுவாக 23, 24 பாகை வெப்பம் இருக்கிறது. 7 பாகை என்பது அங்கே குளிர்பதனப் பெட்டிக்குள் மட்டுமே காணக்கூடியது! வராத பனிக்காக நம் பிள்ளை ஏன் பிடிப்பை இழக்கவேண்டும்? அவருக்கு ஏற்றது கோடை டயரே.

ஆனால் கேள்வி இத்துடன் முடியவில்லை, நேயர்களே. கோடை டயர் என்றவுடன் உலர்ந்த சாலைக்கு மட்டுமே உரியது என்று கருதிவிடலாகாது. வெப்பமான மழையிலும் நல்ல கோடை டயர் சிறப்பாகப் பற்றும். நமக்கு வேண்டியதும் அதுதான். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது.

மழையில் டயர் என்ன செய்கிறது? ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறத்தாழ நம் உள்ளங்கை அளவுதான். அந்த இடத்திலுள்ள தண்ணீரை, டயரின் பள்ளங்கள் வாய்க்கால் போல வாங்கி வெளியே தள்ளவேண்டும். பள்ளம் ஆழமில்லாமல் வேகமும் கூடினால், தண்ணீர் விலக நேரமிராது. டயர் நீரின்மேல் மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பிரேக்கை மிதித்தாலும் நிற்காது.

பந்தயக்காரர்களும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவர்களே. சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் இரவு நேரக் கார்ப் பந்தயம், 2017 செப்டம்பர் 17ஆம் நாள் முதன்முறையாக ஈரத் தடத்தில் தொடங்கியது. பள்ளமே இல்லாத வழுக்கை டயர் உலர்ந்த தடத்தில் மிக விரைவாக ஓடும். ஆயினும் அன்று தொடக்கத்தில் அதை மாட்டிக்கொண்டு எவரும் புறப்படவில்லை. சிலர் நடுத்தர மழை டயரையும், சிலர் முழுமழை டயரையும் மாட்டினார்கள். தடம் உலர்ந்த பிறகே வழுக்கை டயருக்கு மாறினார்கள்.

வேகக் கார் வைத்திருப்போர் விழக்கூடிய குழி இங்கேதான் இருக்கிறது. பந்தய டயர் போலவே பள்ளம் குறைத்துச் செய்த சிலவகை டயர்கள் கடையில் கிடைக்கின்றன. பார்வைக்கு அழகு, உலர்ந்த சாலையில் அபாரப் பிடிப்பு. பந்தயக்காரருக்கு டயர் மாற்ற ஆட்கள் காத்திருக்கிறார்கள். விரைவுச்சாலையில் பிற்பகல் மழை கொட்டும்போது நம் பிள்ளைக்கு யார் மாற்றித் தருவார்?

எனவே வாங்கும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி, 'ஈரத்தில் எப்படிப் பிடிக்கும்?' என்பதே. பல டயர்களின் பக்கச் சுவரில் ஈரப்பிடிப்பைக் குறிக்கும் எழுத்து இருக்கும். 'ஏஏ' உயர்ந்தது, அடுத்து 'ஏ', பிறகு 'பி', 'சி'. அதே சுவரில் நான்கு இலக்க எண் ஒன்றும் உண்டு. 2324 என்றிருந்தால், 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். 'டபிள்யூ' என்ற எழுத்து மணிக்கு 270 கிலோமீட்டர் வரை தாங்கும் என்கிறது. ஆனால் சிங்கப்பூர் விரைவுச்சாலையில் உயர்ந்த வேக வரம்பே 90தான்.

வாங்கிய பிறகும் கவனம் வேண்டும். புதிய கார் டயரில் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. பள்ளத்தினுள்ளே உள்ள சிறு மேடுகள் டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் அந்த எல்லை வந்துவிட்டது என்று அறியலாம். மழை நாட்டில் அதுவரை காத்திருப்பது அறிவுடைமையன்று. காற்றழுத்தத்தை, வண்டி ஓடிச் சூடேறுமுன் பார்க்கவேண்டும். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்சக்கரங்களில் மாட்டவேண்டும். ஈரத்தில் வண்டியின் பின்புறம் சறுக்கினால் அடக்குவது கடினம்.

'எங்கள் வீட்டில் வேகக் கார் ஏது?' என்று தாய்மார்கள் நினைக்கலாம். வேலைக்குப் போகும் மகனின் மோட்டார் சைக்கிளுக்கும், ஆட்களை ஏற்றிச் செல்லும் லாரிக்கும் மழை ஒன்றே. பள்ளத்தின் வேலையும் ஒன்றே. பார்க்கப்போனால், வேகக் காரின் டயரைவிட லாரி டயரில்தான் இயற்கை ரப்பர் அதிகம். நீங்கள் வெட்டிய பால் அதிகம் உருள்வது அங்கேதான். இன்று மாலை பிள்ளைகளை அழைத்து, வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் டயர்ப் பள்ளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மேடும் பள்ளமும் சமமாகிவிட்டதென்றால், அடுத்த மாதச் சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். மழை அதுவரை பொறுத்திராது.