கஜா புயலும் பெருநிறுவனக் கொடையும்



2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் பொழுது புலருமுன் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. தீபாவளி கழிந்து பத்து நாள்களே ஆகியிருந்தன. வீரநிர்வாண நாளில் ஏற்றிய அகல்களை எடுத்து வைப்பதற்குள் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி வட்டாரங்கள் இருளில் மூழ்கின. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உட்கிராமங்களில் மீண்டும் விளக்கெரியப் பல வாரங்கள் ஆயின. சோழநாடு சோறுடைத்து என்று பெருமை பேசுவது வழக்கம். ஆயினும் ஆற்றுநீரை நம்ப முடியாத கடைமடைப் பகுதிகளில் பல குடும்பங்களைத் தாங்கியது நெல்லன்று, தென்னை. அந்தத் தென்னை லட்சக்கணக்கில் வேரோடு வீழ்ந்தது.

வீழ்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதனை வெட்டி அகற்ற 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் வழங்குவதாகத் தமிழக அரசு அறிவித்தது. புதிதாக நட்ட நெட்டைக் கன்று காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். அதுவரை இத்தொகை போதாது என்று உழவர்கள் முறையிட்டனர். அம்முறையீடு நியாயமானதே. ஆனால் முறையிடவும் வழியற்றவர் சிலர் இருந்தனர். மரக்கணக்கில் தரப்படும் தொகை மரமுடையார்க்கே சேரும். காய் பறிப்பவர், மட்டை உரிப்பவர், கீற்று முடையும் பெண்டிர், கயிற்றாலையில் நார் திரிப்பவர் ஆகியோர் பெயரில் ஒரு மரமும் இல்லை. தோப்புச் சாய்ந்த அன்றே அவர்தம் கூலியும் நின்றுபோயிற்று.

வெளியூர் அன்பர்கள் லாரி லாரியாக அரிசியும் போர்வையும் கொணர்ந்தனர். அவர்தம் இரக்கம் போற்றத்தக்கது. எனினும் நெடுஞ்சாலை ஓரத்தார்க்கு மூன்று முறை கிடைத்தது, நான்கு கல் உள்ளே இருந்தவர்க்கு ஒரு முறையும் கிட்டாமற் போயிற்று. எவ்வூரில் எவர் எதனை இழந்தார் என்று சொல்லக்கூடிய ஒருவர் அந்த லாரிகளில் இல்லை என்பதே காரணம்.

இந்தக் குறையைப் பெருநிறுவனங்களின் நிதியால் தீர்க்க இயலுமா? 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டையேனும் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கஜாவுக்கு மறு ஆண்டு, அதாவது 2019இல், பேரிடர் நிவாரணமும் மறுவாழ்வும் மறுகட்டுமானமும் அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டன.

ஆயினும் அதே பிரிவில் ஒரு சொற்றொடர் இருக்கிறது. நிறுவனம் தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்பது அது. படிக்கும்போது நல்ல சொல்லாகவே தோன்றும். ஆனால் பெருந்தொழிற்சாலைகள் இருப்பது சென்னையைச் சூழ்ந்தும் ஓசூரிலும் கோவையிலும். காவிரிப் படுகையோ 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாயிற்று. மண்ணைக் கெடுக்கும் பெருந்தொழில்கள் புதிதாக இங்கே வர இயலாது. அது வேண்டத்தக்கதே. 1904இல் கும்பகோணத்தில் தோன்றிய சிட்டி யூனியன் வங்கி போன்ற சிலவற்றை விட்டால், தஞ்சைத் தரணியைத் தம் ஊர் என்று கருதும் பெருநிறுவனங்கள் மிகக் குறைவு. ஊருக்கெல்லாம் நெல் விளைத்துத் தரும் நிலம், அந்நிலமாகவே இருப்பதால் கொடைக்கு அயலாகிவிடுகிறது. ஆகவே இங்கிருந்து எவரேனும் எழுதிக் கேட்டாலன்றி அந்நிதி இப்பக்கம் திரும்பாது.

கேட்பதற்குத் தயங்குவோர் உண்டு. பெரும்பொருள் வரும்போது விளம்பரப் பதாகையும் உடன் வருமே என்று அஞ்சுவர். தானத்தின் சிறப்பை விதி, திரவியம், தாதா, பாத்திரம் என்னும் நான்கு கொண்டு அளப்பது தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரம். கொடுக்கும் முறையும் பெறுவோர் தகுதியும் பொருளுக்கு இணையாக அங்கே எண்ணப்படுகின்றன. பெறுபவரைப் பதாகையின் கீழ் நிறுத்திப் படமெடுப்பது அம்முறையில் அடங்காது. விற்பனை ஆதாயம் கருதிச் செய்யும் புரவலர் உதவியைச் சமூகப் பொறுப்புச் செலவாக அரசின் விதிகளும் ஏற்பதில்லை. இதனை எடுத்துச் சொல்ல எந்த அறக்கட்டளையும் கூச வேண்டியதில்லை.

மற்றோர் இடர்ப்பாடு நாட்காட்டியைப் பற்றியது. புயல் ஐப்பசி, கார்த்திகையில் வரும். நிறுவனத்தின் ஆண்டோ மார்ச் 31இல் முடியும். அதற்குள் செலவிட்டு முடிக்க எளியது போர்வையும் பாத்திரமும் அரிசிப் பையும். தென்னங்கன்று அவ்வளவு விரைவில் வளராது. எனினும் தொடர்பணி என்று முன்னரே வகுத்துக்கொண்டால், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மேலும் மூன்று ஆண்டுகள் வரை பணியை நடத்த விதி இடந்தருகிறது. கீற்று முடைந்த பெண்ணுக்கு வேறொரு கைத்தொழில் அமையும் வரையிலும், தோப்பில் ஊடுபயிர் பலன் தரும் வரையிலும் துணைநிற்க அக்காலம் பெரிதும் உதவும்.

ஒருங்கிணைந்து செய்தற்கு முன்மாதிரியும் அருகிலேயே உண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. உதவி குவிந்தது. எவரும் உடுத்தாத பழந்துணி சாலையோரம் மலையாகக் கிடந்ததையும் நாகை கண்டது. அடுத்த மாதமே மாவட்ட நிர்வாகத்தின் துணையுடன் தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு மையம் ஒன்று அங்கே அமைந்தது. எந்த ஊருக்கு எது சென்றது, எது செல்லவில்லை என்ற கணக்கை அம்மையம் ஓரிடத்தில் வைத்தது. நிரந்தர வீடுகள் கட்டுவதில் நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் பங்கேற்க 2005 ஜனவரியிலேயே அரசாணை வெளியாயிற்று.

சமணர்க்கும் இவ்வழி புதிதன்று. 1993 செப்டம்பர் 30 லாத்தூர் நிலநடுக்கத்திற்குப் பின், பாரதிய ஜைன சங்கடனா சுமார் 1,200 சிறுவர்களைப் புனேக்கு அழைத்துச் சென்று ஆண்டுக்கணக்கில் படிக்க வைத்தது. நாலுவகைத் தானங்களுள் ஆகாரமும் மருந்தும் ஒரு வாரத்தில் நினைவுக்கு வந்துவிடும். அந்தச் சிறுவர்கள் பெற்றவை மற்றவையான அபயமும் கல்வியும்.

இனி, கரந்தை, கும்பகோணம், மன்னார்குடி, தீபங்குடி ஆகிய ஊர்களின் ஜினாலயங்களை எண்ணிப் பார்க்கலாம். கிணறும் மடைப்பள்ளியும் கூடமும் ஓர் ஊரின் அவசரத்திற்குப் பயன்படும் இடங்கள். அக்கம்பக்கத்துக் கிராமங்களைத் தலைமுறையாக அறிந்த குடும்பங்களும் அங்கே உண்டு. நிறுவன நிதியைப் பெற அறக்கட்டளைக்கு வருமான வரிச் சட்டத்தின்கீழ் உரிய பதிவுகளும் மூன்றாண்டுப் பணிச் சான்றும் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவு எண்ணும் வேண்டும். புயல் வந்தபின் இவற்றைத் தேடினால் மார்ச் போய்விடும். சித்திரையில் தொடங்கினால் பருவமழைக்கு முன்னர்க் கிடைத்துவிடும்.

அதனோடு ஒரு குறிப்பேடும் வேண்டும். குத்தகைக்கு உழுபவர், ஓலைக் குடிசையில் வாழ்பவர், மருந்தின்றி ஒரு வாரம் தாங்காத முதியவர், தோப்புக் கூலியை மட்டுமே நம்பிய இல்லங்கள் என ஊர் ஊராக, பெயர் பெயராக எழுதிய குறிப்பேடு அது. சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் எந்த நிறுவனத்தாலும் அதனை எழுத இயலாது.