பெயரில்லா ஆளிகள்

சுவிச்சு என்று நாம் பேச்சில் வழங்கும் மின் ஆளியைப் போல நம் கைக்குப் பழகிய கருவி பிறிதொன்று இல்லையெனலாம். இருளில் வீட்டினுள் நுழைந்தாலும் கை தானாகவே சுவரைத் தடவி அதனைக் கண்டுகொள்ளும். ஆனால், அதே கை பிறர் அமைத்த பழைய வீடொன்றில், அதுவும் பிறநாட்டு வீடொன்றில் புகுமாயின் அதன் திறமை எவ்வளவு தூரம் செல்லும்? அவ்வீடு சக்கரங்களின்மேல் ஓடும் வீடாகவும் இருந்துவிட்டால் என்ன செய்வது?

வட அமெரிக்காவில் மோட்டார் ஹோம் என வழங்கும் வீட்டுவண்டியையே குறிப்பிடுகிறேன். பஸ் வண்டி போன்ற உடலுக்குள் படுக்கை, அடுப்பு, குளியலறை, நீர்த்தாங்கி ஆகிய யாவும் அடங்கியிருக்கும். ஐயோவா மாநிலத்துப் பொரெஸ்ற் சிற்றி நகரிலுள்ள வின்னெபாகோ நிறுவனம் 1966ஆம் ஆண்டில் இவ்வகை வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. வேறு பல நிறுவனங்களும் இத்தொழிலில் உண்டு. பல்லாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட வண்டிகள் கைமாறிக் கைமாறி இன்றும் தெருவில் ஓடுகின்றன.

கனடாவின் ஒன்ராறியோவில் வாழும் என் தம்பி அத்தகைய பழைய வண்டியொன்றை ஒரு மூதாட்டியிடமிருந்து வாங்கினான். வண்டியை ஓட்டியவரும் பேணியவரும் அம்மூதாட்டியின் கணவர், அவரோ காலமாகிவிட்டார். உள்ளே 31 ஆளிகள் இருந்தன. அவற்றுள் 14க்கு மட்டுமே பெயர் எழுதப்பட்டிருந்தது. எஞ்சியவை எதற்கென்று அம்மையாருக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிடலாமா என்று தம்பி தொலைபேசியில் கேட்டான். நான் மின்பொறியியல் கற்றவனல்லன், கலைப் பட்டதாரி. எனினும், அறியாத நூலொன்றை எவ்வாறு வாசிப்பது என்பதைப் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருபவன். அழுத்துவதற்கு முன் வாசி என்றேன்.

வாசிப்பதற்கு முதல் தடை நமது பழக்கமே. நம் நாட்டில் ஆளியைக் கீழே அழுத்தினால் விளக்கு எரியும். பிரித்தானியரிடமிருந்து நாம் பெற்ற வழக்கம் அது. வட அமெரிக்காவிலோ மேலே தள்ளினால் எரியும். இதிலே தவறினால் இருட்டில் நிற்பதோடு போகும். மின்கம்பியின் நிறத்தில் தவறினாலோ உயிர் போகும். நம் பழைய வீடுகளிலே சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமற்கம்பி. வட அமெரிக்க வீடுகளில் உயிர்க்கம்பியே கறுப்பு, நொதுமற்கம்பி வெள்ளை. மோட்டார் வாகனத்தின் பற்றரியில் கறுப்பு பெரும்பாலும் எதிர்முனையைக் குறிக்கும். வீட்டுவண்டியோ பாதி வீடு, பாதி வாகனம். ஆகவே, ஒரே கூரையின் கீழ் ஒரே கறுப்புக் கம்பி ஓரிடத்தில் ஒன்றும் மற்றோரிடத்தில் வேறொன்றும் சொல்லக்கூடும். நிறத்தை நம்பாது மானியை வைத்து அளந்தே அறிதல் வேண்டும்.

அடுத்து, இவ்வண்டியின் மின்சாரம் ஒன்றல்ல, மூன்று என்பதை உணர்தல் வேண்டும். இயந்திரத்தை இயக்கவும் முன்விளக்கை எரிக்கவும் 12 வோல்ற்றுப் பற்றரி ஒன்று உண்டு. உள்விளக்கு, நீர்ப்பம்பி, காற்றாடி ஆகியவற்றுக்கு வேறொரு 12 வோல்ற்றுப் பற்றரித் தொகுதி உண்டு. குளிரூட்டியும் சுவரிலுள்ள செருகிகளும் 120 வோல்ற்று ஆடலோட்டத்தில் இயங்கும். தங்குமிடத்திலிருந்து கொண்டுவரும் தடித்த வடமோ வண்டியிலுள்ள மின்பிறப்பாக்கியோ அதனை வழங்கும். ஓர் ஆளியை அழுத்தியும் ஒன்றும் நிகழாவிடின், அது பழுதென்று முடிவு செய்தல் கூடாது. அதற்குரிய ஓட்டம் அவ்வேளையில் இல்லாதிருக்கலாம்.

இனி, புதியவரை மயக்கும் சில ஆளிகளைப் பார்ப்போம். வாயிற்கதவின் அருகே, சேமிப்பு, பயன்பாடு என்னும் பொருள்தரும் இரு ஆங்கிலச் சொற்களுடன் ஓர் ஆளி பல வண்டிகளில் இருக்கும். அது உள்வீட்டுப் பற்றரியை முழுவதுமாகத் துண்டிப்பது. அதனைச் சேமிப்பின் பக்கம் யாரேனும் தட்டிவிட்டால் வண்டி முழுவதும் இருண்டுவிடும். பற்றரி செத்துவிட்டதென்று எண்ணிப் புதிது வாங்குவோரும் உண்டு. ஓட்டுநரின் முன்னே மற்றோர் ஆளியில் 'மொம்' என்று எழுதியிருக்கும். அமெரிக்கர் அன்னையை அழைக்கும் சொல் அது. ஆயின் அன்னைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கணநேரம் எனப் பொருள்படும் 'மொமென்ரறி' என்பதன் சுருக்கம். இயந்திரப் பற்றரி சோர்ந்தவேளை, அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும், வீட்டுப் பற்றரியின் வலுவை அதற்குக் கடனாகக் கொடுப்பது அவ்வாளியின் பணி.

நீர்ப்பம்பிக்குச் சமையலிடத்தில் ஓர் ஆளியும் குளியலறையில் ஓர் ஆளியும் இருத்தல் கூடும். நம் வீட்டு மாடிப்படியின் இரு முனைகளிலும் உள்ள ஆளிகளைப் போலவே, இவை மேலே நிற்கின்றனவா கீழே நிற்கின்றனவா என்பதைக் கொண்டு பம்பியின் நிலையை அறிய இயலாது. குளியலறைச் செருகியிலுள்ள இரு சிறு பொத்தான்களோ உயிர்காப்பவை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ள்ஸ் டால்சியெல் 1961இல் கண்ட கருவி அது. ஏறத்தாழ 5 மில்லியம்பியர் ஓட்டம் வழிதவறிக் கசிந்தாலே அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அவ்வாறு துண்டித்தபின், அதனோடு தொடுக்கப்பட்ட வேறிடத்துச் செருகிகளும் வேலை செய்யா. காரணம் குளியலறையில் இருக்க, வண்டியின் வெளிப்புறத்தில் பழுது தேடுவோர் பலர்.

எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது நீர்சூடாக்கியின் ஆளி. எரிவாயுவால் சூடாக்க ஒன்றும் மின்சாரத்தால் சூடாக்க மற்றொன்றுமாக இரண்டு இருக்கலாம். தாங்கியில் நீரில்லாத வேளை மின்னாளியைப் போட்டால் உள்ளிருக்கும் சூடாக்கும் கம்பி விரைவில் எரிந்துபோகும். சில வகைகளில் அவ்வாளி வண்டிக்கு வெளியே, சூடாக்கியின் கதவுக்குப் பின்னால் மறைந்திருக்கும். மின்பிறப்பாக்கியின் ஆளியும் விளையாட்டுக்குரியதன்று. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. மூடிய கொட்டகையினுள் அதனை ஓடவிட்டால் அங்கிருப்போர் அறியாமலே மடிவர்.

ஆகவே, தம்பிக்கு நான் சொன்ன ஒழுங்கு இது. முதலில் வெளிவடத்தைக் கழற்று, எரிவாயுவை மூடு. ஒவ்வொரு சுவரையும் தாளில் வரைந்து, ஆளிகளுக்கு இலக்கமிடு. தாங்கியில் நீர் நிரப்பு. பின்னர் பற்றரியை மட்டும் கொண்டு ஒவ்வோர் ஆளியாகச் சோதி. ஒருவர் உள்ளேயும் மற்றொருவர் வெளியேயும் நின்று கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள். ஒன்றும் நிகழாவிடின் அவ்வாளியைப் பழைய நிலையிற் கொண்டுவந்த பின்னரே அடுத்ததைத் தொடு. அது முடிந்தபின் இயந்திரச் சாவியைத் திருப்பி ஒரு முறையும், வெளிவடத்தை இணைத்து ஒரு முறையும் எஞ்சியவற்றைச் சோதி. அப்போதும் பேசாத ஆளிகளின் கம்பிகளை, எல்லா மின்சாரத்தையும் துண்டித்தபின், உருகிப் பெட்டி வரை தொடர்ந்து செல். 120 வோல்ற்றுக் கம்பியைத் திறக்க வேண்டிவரின், தேர்ந்த மின்வினைஞரை அழை.

தம்பியும் அவன் மனைவியும் இரண்டு வார இறுதிகளை இதற்குச் செலவிட்டனர். பெயரில்லாத 17 ஆளிகளில் 13 தம் தொழிலைச் சொல்லின. அவற்றுள் ஒன்று தொலைக்காட்சி அலைவாங்கியின் பெருக்கிக்குரியது. யாரும் தொலைக்காட்சி பாராதபோதும் அது பற்றரியைச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டிருந்தது. அலுமாரியின் உள்ளே இருந்த வெள்ளை ஆளி நீர்சூடாக்கியினுடையது. முதல் நாளே, வெளிவடம் இணைந்திருக்க, தாங்கி வெறுமையாயிருக்க அதனை அழுத்தியிருந்தால் நட்டமே விளைந்திருக்கும். மீதி நான்கில் மூன்றின் கம்பிகள் எங்கோ துண்டிக்கப்பட்டு நாடா சுற்றப்பட்டிருந்தன; பழைய உரிமையாளர் ஒரு காலத்தில் பூட்டிப் பின்னர் கழற்றிய கருவிகளின் நினைவுச் சின்னங்கள் அவை. ஒன்று இன்னும் வாய் திறக்கவில்லை. அதன்மேல், தெரியாது, தொடாதே என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். தெரியாததைத் தெரியாததென்று எழுதிவைப்பதும் அறிவின் பாற்பட்டதே.

அம்முதியவரை நான் குறைகூறவில்லை. தம் கைக்கு யாவும் தெரிந்திருந்தமையால் எழுதிவைக்கும் தேவையை அவர் உணர்ந்திரார். நாள்தோறும் செய்பவனுக்கு எதுவும் புதிரன்று. புதிராவது அவனுக்குப் பின் வருபவனுக்கே. கணவர் இறந்தபின் அம்மூதாட்டி ஒரு குளிர்காலம் முழுவதும் அவ்வண்டியில் விளக்கேற்றவும் அஞ்சி இருந்தாராம். பல்லாண்டுகள் தாம் பயணம் செய்த வீடு, பெயர் எழுதிய ஒரு தாள் இல்லாமையால் அவருக்கு அந்நியமாயிற்று. அவர் அதனை விற்றதற்கும் அதுவே காரணம்.

ஆளியைப் பொருத்துபவன் கம்பியை இணைத்ததோடு தன் வேலை முடிந்ததென்று கருதல் ஆகாது. அதன் பெயரை எழுதும்வரை அவ்வேலை பாதியிலேயே நிற்கிறது. அரசாங்க பாடசாலையிலே இடமாற்றம் பெற்றுச் செல்லும் அதிபர் சாவிக்கொத்தை ஒப்படைக்கிறார். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று ஒரு சிறு துண்டு கட்டியிருந்தால் அது பொறுப்பை ஒப்படைத்தல். இல்லையேல் வெறும் இரும்பை ஒப்படைத்தலே.

இன்று மாலை உங்கள் வீட்டு உருகிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எது எந்த அறைக்குரியது என்று எழுதியிருக்கிறதா? உங்களுக்குத் தெரியும் என்பது போதாது. நீங்கள் வீட்டில் இல்லாத இரவில் உங்கள் மனைவிக்கும் மக்களுக்கும் அது தெரிய வேண்டும். ஒரு துண்டுத் தாளும் ஒரு பென்சிலும் போதும்.