கூரை ஏறிய விலை

(பள்ளிபாளையத்தில் கூரை அமைக்கும் ஒப்பந்தக்காரர்களும் விசைத்தறியாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த ஊரில் ஓயாத ஓசை தறியின் ஓசை. தறியைப் பற்றிப் பேசியிருக்கிறோம். நூல் விலை குறித்து முழங்கியிருக்கிறோம். மின் கட்டணம் குறித்து மன்றாடியிருக்கிறோம். அந்தத் தறிக்கு மேலே மழையையும் வெயிலையும் தாங்கி நிற்கிறதே கூரை, அதை அண்ணாந்து பார்க்க மறந்துவிட்டோம். இன்று பார்ப்போம்.

தறிக்கூடம் எழுப்ப விரும்புகிறார் ஒருவர். ஒப்பந்தக்காரரை அழைக்கிறார். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முன்பணம் தருகிறார். கால் ஊன்றி, டிரஸ் ஏற்றி, பர்லின் பூட்ட ஒரு மாதம் ஆகிறது. பிறகு தகடு வாங்கக் கடைக்குப் போகிறார் ஒப்பந்தக்காரர். விலை ஏறியிருக்கிறது! அதன்பின் நடக்கும் உரையாடல் நீங்கள் அறியாததல்ல.

“ஏனுங்க தம்பி, போன மாதம் நீங்கள் சொன்ன விலை எங்கே போயிற்று?”

“நான் எங்கேயும் அனுப்பவில்லைங்க அண்ணா. ஆலைக்காரர்கள் மேலே ஏற்றிவிட்டார்கள்.”

“பேச்சு பேச்சுத்தானுங்களே?”

“பேச்சு மாறவில்லைங்க அண்ணா. என் கைமுதல்தான் கரையப் போகிறது.”

இருவரும் உழைப்பாளிகள். இருவர் மீதும் குற்றமில்லை. ஆனாலும் இருவரும் மனம் கசந்து பிரிகிறார்கள். ஏன்? இந்த நாடகத்தின் மூன்றாவது பாத்திரம் மேடைக்கே வருவதில்லை! எங்கோ இருந்துகொண்டு விலையை மாற்றுகிறது. கரைவதோ இங்கே நிற்பவரின் கைமுதல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூரை 10,000 சதுர அடி என்று வையுங்கள். அரை மில்லிமீட்டர் கனமுள்ள எஃகு, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3.9 கிலோ. மொத்தம் 3,600 கிலோவுக்கு மேல். தகட்டின் மேல் தகடு ஏறும் பகுதியையும் வெட்டுச் சேதத்தையும் நான் சேர்க்கவில்லை. டன்னுக்கு 10,000 ரூபாய் ஏறினால், தகட்டில் மட்டும் 36,000 ரூபாய் கூடிவிடுகிறது. டிரஸ் இரும்பும் பர்லினும் தனிக் கணக்கு. ஒரு மாத உழைப்பின் மிச்சம் அதிலே போய்விடாதா?

“அப்படியெல்லாம் ஏறுமா?” என்று கேட்பவர் உண்டு. ஏறியிருக்கிறது, தோழர்களே! தகட்டுக்குத் தாய்ப்பொருள், ஆலையில் சூடாக உருட்டி எடுக்கும் எஃகுச் சுருள். 2020-ஆம் ஆண்டின் நடுவில் டன் 40,000 ரூபாய்க்கும் கீழே இருந்த அதன் விலை, 2022 ஏப்ரலில் 75,000 ரூபாயைத் தாண்டிற்று. உக்ரைனில் போர் மூண்டது. எஃகு உருக்கத் தேவையான நிலக்கரியைப் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் கொண்டுவருகிறோம். பூச்சுக்கு வேண்டிய துத்தநாகத்திற்கும் அலுமினியத்திற்கும் இலண்டன் சந்தையில் விலை நிர்ணயமாகிறது. அங்கே அசைந்தால், பள்ளிபாளையத்துக் கூரை இங்கே ஆடுகிறது!

அரசின் பேனாவுக்கும் இதிலே பங்குண்டு. 2022 மே மாதம் எஃகு ஏற்றுமதியின் மீது ஒன்றிய அரசு 15 விழுக்காடு தீர்வை போட்டது. உள்நாட்டில் விலை இறங்கிற்று. அவ்வாண்டு நவம்பரில் அதை நீக்கியது. 2025 ஏப்ரல் 21-ஆம் நாள், மலிவாக வந்து குவியும் தட்டை எஃகு வகைகள் மீது 200 நாட்களுக்கு 12 விழுக்காடு பாதுகாப்புத் தீர்வை விதித்தது. பூச்சிட்ட தகடும் வண்ணத் தகடும் அந்தப் பட்டியலில் இருந்தன. உள்நாட்டு ஆலையும் அதன் தொழிலாளியும் வாழவேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது வேறு. ஆலைக்குக் குடை பிடித்தீர்களே, அந்தக் குடையின் ஓரத்து நீர் எவன் தலையில் வடிகிறது என்று பார்த்தீர்களா?

“நம் பக்கத்திலேயே சேலத்தில் உருக்காலை இருக்கிறதே” என்பார்கள். அந்த ஆலை எளிதில் வந்துவிடவில்லை. 1967 சூலை 23-ஆம் நாளை எழுச்சி நாளாகக் கொண்டாடி, தமிழகம் தட்டிக் கேட்டது. 1970-இல் அடிக்கல் விழுந்தது. 1981-இல் உற்பத்தி எழுந்தது. அது செய்வதோ துருப்பிடிக்காத எஃகு. அடுக்களைக்கு எவர்சில்வர் வந்தது. கூரைக்குத் தகடு வரவில்லை! மேச்சேரிப் பக்கம் பொட்டனேரியில் உள்ள தனியார் ஆலை வார்ப்பது கம்பியும் தண்டும். கூரைத் தகட்டுக்குரிய சுருள், பெல்லாரிப் பக்கமிருந்தும் மகாராட்டிரத்திலிருந்தும் லாரியேறி வருகிறது. ஒரு காலத்தில் நாடெங்கும் எஃகுக்கு ஒரே விலை இருக்கும்படி சரக்குக் கட்டணத்தைச் சமப்படுத்தினார்கள். 1992-இல் விலைக் கட்டுப்பாட்டோடு அதுவும் போயிற்று. தூரத்தின் செலவும் இன்று வாங்குபவன் தோளில்.

பழைய கட்டுப்பாடே பொற்காலம் என்று நான் பாடவில்லை. பர்மிட்டுக்குக் காத்து நின்றதையும், கள்ளச் சந்தையில் தகரம் வாங்கியதையும் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று சரக்கு கிடைக்கவில்லை. இன்று சரக்கு கிடைக்கிறது, விலைதான் நிலைக்கவில்லை.

விலை நிலைக்காத இடத்திலே, தோழர்களே, நேர்மையும் நிலைதடுமாறுகிறது! அரை மில்லிமீட்டர் என்று பேசிவிட்டு, 0.45 தகட்டை ஏற்றுகிறவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. ஆனால் நான் சொன்ன 10,000 சதுர அடியில் 360 கிலோவுக்கு மேற்பட்ட எஃகு மாயமாகிவிடும். இன்னொரு நுட்பமும் உண்டு. பூச்சும் வண்ணமும் சேர்ந்த கனம் வேறு. உள்ளே இருக்கும் எஃகின் கனம் வேறு. எதைச் சொல்கிறார்கள் என்று கேட்காமல் வாங்கினால், கேட்காததற்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். இதனால் நட்டப்படுபவர் தறிக்காரர் மட்டுமல்லர். நேர்மையாகத் தடித்த தகடு போடும் ஒப்பந்தக்காரர், மெல்லிய தகட்டுக்காரரின் மலிவு விலையிடம் தோற்றுப்போகிறாரே, அவருக்குத்தான் பேரிழப்பு.

வரியையும் பாருங்கள். தகட்டுக்கு 18 விழுக்காடு சரக்கு சேவை வரி. பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர் அதைத் தம் வரியில் கழித்துக்கொள்ளலாம். தறிக்கூடம் கட்டுகிறவரோ கழிக்க முடியாது. கட்டடத்திற்கு அந்தச் சலுகையைச் சட்டம் தடுத்திருக்கிறது. தறிக்கு ஒரு நீதி, தறி நிற்கும் கூரைக்கு ஒரு நீதியா?

என்ன செய்யலாம்? நம் கையில் உள்ளவற்றை முதலில் சொல்கிறேன். ஒப்பந்தத்தைத் தாளில் எழுதுங்கள். அன்றைய தகட்டு விலையை அதிலே குறியுங்கள். குறித்த அளவுக்கு மேல் ஏறினால் இருவரும் பங்கிடுவது, இறங்கினால் இருவரும் பயன் பெறுவது என்று எழுதுங்கள். முன்பணம் வந்த அன்றே தகட்டுக்குப் பதிவு செய்யுங்கள். சதுர அடியோடு எடையையும் கேளுங்கள். மைக்ரோமீட்டர் ஒன்றைச் சட்டைப் பையில் வையுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கூட்டாகச் சுருள் வாங்குங்கள். தனியாளுக்குத் திறக்காத கதவு பத்துப் பேருக்குத் திறக்கும்!

அரசிடம் கேட்பவை மூன்று. எஃகின் கனத்தையும் பூச்சின் அளவையும் தகட்டிலும் பட்டியலிலும் பொறிக்கச் செய்க! பொதுத்துறை ஆலையின் தகடு, சிறு ஒப்பந்தக்காரருக்கு இந்த வட்டாரத்திலேயே ஆலை விலையில் கிடைக்க வழி செய்க! சிறு தறிக்கூடத்துக்கு அந்த வரிக் கழிவை வழங்குக!

விலை ஏறட்டும், இறங்கட்டும். அது உலகச் சந்தையின் போக்கு. ஏறும்போது எளியவன் மட்டும் சுமக்க வேண்டும் என்பது எந்தச் சந்தையின் விதியும் அல்ல. நாம் பேசாதிருந்ததால் வந்த வழக்கம். பேசத் தொடங்குவோம், எழுதி வாங்குவோம், எடை போட்டு வாங்குவோம்!