கொரியாவில் ஒரு மாணவியின் நாட்கள்



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்திலே வாழ்ந்தவன் நான். அவற்றுள் கடைசிப் பதினோர் ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்தேன். அறிவுரை கூறுவதே தொழிலாக இருந்த எனக்கு, நான் கூறிய அறிவுரை ஒன்று பிழையாய்ப் போன கதையை இன்று உங்கள்முன் சொல்ல வேண்டியிருக்கின்றது. அது நடந்த இடம் தென்கொரியாவின் தலைநகராகிய சியோல். அதற்கு ஆளானவள் என் இளைய மகள்.

கொரிய நாட்டில் பயிலும் அயல்நாட்டு மாணவர் தொகை 2024ஆம் ஆண்டில் இரண்டு இலட்சத்தைக் கடந்தது. அவர்களுள் ஒருத்தியாக, பொருளறிவியலில் ஆராய்ச்சி செய்வதற்கு 2023 ஆகஸ்டு இறுதியில் அவள் புறப்பட்டாள். விமான நிலையத்தில் அவளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, படிப்பிலேயே கண்ணாயிரு. ஊர் சுற்றிப் பார்ப்பதற்கு நீ போகவில்லை." பெற்றோர் பலரும் சொல்வதுதான். உங்களுக்கும் உங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

என் சொல்லைக் கேளாத பிள்ளைகளால் எனக்கு நேர்ந்த துன்பம் உண்டு. ஆனால், சொன்னதை அப்படியே கேட்ட இந்தப் பிள்ளையால் நேர்ந்த துன்பம் அதனினும் பெரிது. விடுதி, ஆய்வுக்கூடம், விடுதிக்கு எதிரே இரவு முழுதும் திறந்திருக்கும் சிறு கடை ஆகிய மூன்று இடங்களுக்குள் அவள் நாட்கள் அடங்கிவிட்டன. அவளுக்குரிய பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தமையால் கொரிய மொழி தேவைப்படவில்லை. அவள் புலால் உண்ணாதவள். கொரியர் ஒவ்வொரு வேளையும் உண்ணும் கிம்ச்சி என்னும் முட்டைக்கோஸ் ஊறுகாயிலும் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன்சாறோ கலந்திருக்கும். ஆதலால் பொது உணவுச்சாலைக்குப் போவதை விட்டு, விடுதிச் சமையலறையில் தானே சோறு வடித்துத் தயிரோடு உண்டுவந்தாள். மார்கழி வந்தது. வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே பத்துப் பாகைக்கு இறங்கியது. தொலைபேசியில் அவள் பேச்சும் குறைந்தது.

ஜனவரி மாதத்தில் ஓர் இரவு அவள் சொன்னாள்: "அப்பா, இன்று முழுவதும் நான் வாய் திறந்து பேசியது ஒரே ஒரு சொல். கடைக்காரருக்கு நன்றி சொன்னேன். படிப்பை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா?" அதற்கு நான் என்ன மறுமொழி கூறினேன் என்பதைச் சொல்ல இன்றும் நாணுகின்றேன். "பல்லைக் கடித்துக்கொண்டு இரு" என்றேன்.

அவளை மீட்டது நானல்லன். அவ்விடுதியைத் துப்புரவு செய்யும் ஐம்பது வயது கடந்த ஓர் அம்மையார். ஒரு நாள் காலை சமையலறையில் தனியே நின்ற இவளைப் பார்த்து, "பாப் மொகொஸ்ஸொயோ?" என்று கேட்டிருக்கின்றார். பாப் என்றால் சோறு. சோறு உண்டாயா என்பது பொருள். கொரியர் ஒருவரையொருவர் காணும்போது நலம் வினவும் முறை அதுவே. நம் ஊரில் வாயிற்படியில் நிற்பவரை நாம் என்ன கேட்கின்றோம்? அதே கேள்விதான். என் மகளுக்குக் கண்ணீர் வந்துவிட்டதாம். அந்த அம்மையார் ஒரு தாளில் வரைபடம் போட்டுக் காட்டி, சனிக்கிழமை சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கிவரும்படி சைகையாலேயே சொன்னார். அன்று தொடங்கியது அவளுடைய ஊர் சுற்றல்.

2025 ஏப்ரல் நடுவில் நான் அங்கே சென்றபோது, விடுதியருகே ஓர் அறையை எனக்காக வாடகைக்கு எடுத்து வைத்திருந்தாள். ஐந்து வாரம் அவளோடு திரிந்தேன். முந்தைய குளிர்காலத்தில் தொலைபேசியில் அழுத பெண் இவள்தானா என்று எனக்கே ஐயமாயிருந்தது. பேருந்தில் ஏறும்போது பயண அட்டையைக் கருவியில் காட்ட வேண்டும். இறங்கும்போது மறவாமல் மீண்டும் காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால் அரைமணிக்குள் வேறு பேருந்திலோ சுரங்க ரயிலிலோ ஏறும்போது புதிதாய்க் கட்டணம் இல்லை, தூரத்துக்கே கணக்கு. கடையில் பணத்தை ஒரு கையால் நீட்டக் கூடாது. பெரியவர்க்கு இரு கைகளாலும் கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும். உணவு மேசையில் மூத்தவர் கரண்டி எடுக்கும்வரை இளையவர் காத்திருக்க வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாக அவள் எனக்குக் கற்பித்தாள். ஆசிரியர் மாணவராவதில் ஓர் இன்பம் இருக்கத்தான் செய்கின்றது.

மொழியை அவள் கற்றதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கொரிய எழுத்துக்கு ஹங்குல் என்று பெயர். செஜோங் என்னும் அரசர் 1443இல் அதனை அமைத்து, 1446இல் மக்களுக்கு அளித்தார். அதற்குமுன் சீன எழுத்தைக் கொண்டே எழுதிவந்தனர். அதைக் கற்பதற்குச் செல்வமும் ஓய்வும் வேண்டியிருந்தன. ஹங்குலில் இன்று வழங்கும் அடிப்படை எழுத்துகள் இருபத்து நான்கே: மெய் 14, உயிர் 10. மெய்யையும் உயிரையும் ஒரு கட்டத்துக்குள் அடுக்கி அசையாக எழுதுகின்றனர். நம் உயிர்மெய்யை அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை. வியப்பு வேறிடத்தில் உள்ளது. ஓர் ஒலி பிறக்கும்போது நாவோ இதழோ பல்லோ எந்நிலையில் இருக்கின்றதோ, அந்நிலையையே மெய்யெழுத்து சிலவற்றின் வடிவமாக்கி இருக்கின்றனர். தொல்காப்பியத்தின் பிறப்பியலை வகுப்பில் நடத்தியவன் நான். அங்கே சொல்லால் விளக்கப்பட்டதை இங்கே கோடுகளாய்க் கண்டேன்.

மூன்று மாலைகளில் என் மகள் எழுத்துக் கூட்டக் கற்றுவிட்டாள். தொடரமைப்பும் அவளுக்கு எளிதாகவே இருந்தது. 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் கொரிய மொழியில் சொல்லலாம். வினை ஈற்றில் நிற்கும், உருபு பெயரின் பின்னே ஒட்டும். அங்குள்ள குழந்தைகளும் தந்தையை 'அப்பா' என்றே அழைக்கின்றன. சந்தையில் ஒரு நாள் இவள் உரக்க "அப்பா!" என்று கூப்பிட, என்னோடு வேறு மூவரும் திரும்பிப் பார்த்தனர். இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டவுடன், தமிழிலிருந்தே கொரிய மொழி பிறந்தது என்று மேடையேறி முழங்கிவிடாதீர்கள். ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். இன்றைய மொழியறிஞர்கள் அவ்வுறவை ஏற்பதில்லை. கற்பவருக்கு ஒற்றுமை உதவுகின்றது. அதுவே எனக்குப் போதும்.

கடினமானது மரியாதை வழக்கு. யாரிடம் பேசுகின்றோமோ அவருடைய வயதுக்கும் நிலைக்கும் ஏற்ப வினையின் ஈறு மாறும். அதனாலேயே அறிமுகமான சிறிது நேரத்தில் அங்கே வயதைக் கேட்கின்றனர். முதலில் இவள் அதை அநாகரிகம் என்று எண்ணி முகம் சுளித்திருக்கின்றாள். எந்த ஈறு போட்டுப் பேசுவது என்று அறியவே கேட்கின்றனர் என்பது பின்னர்தான் விளங்கியது. மூத்த மாணவரைச் சொன்பே என்றும் இளையவரை ஹுபே என்றும் சொல்கின்றனர். சொன்பே என்பவருக்கு ஒரு கடமை உண்டு: புதிதாக வந்த ஹுபேயை அழைத்துப்போய்ச் சோறு வாங்கிக் கொடுக்க வேண்டும். நம் கல்லூரிகள் சிலவற்றில் மூத்த மாணவர் புதியவரை நடத்தும் முறையை நினைத்து நான் பெருமூச்செறிந்தேன்.

எல்லாம் இனிமை என்று எண்ணிவிட வேண்டா. அங்குள்ள இளைஞர் பல்கலைக்கழகத்துக்குள் வருவதற்கே ஒரு பெரும்போர் நடத்துகின்றனர். நவம்பரில் நடக்கும் நுழைவுத்தேர்வின்போது, ஆங்கிலக் கேட்டல் வினாக்கள் ஒலிக்கும் அரைமணி நேரத்துக்கு மேல் நாடு முழுதும் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன என்றால் பாருங்கள். அப்படி வந்தவர் உள்ளே வந்த பின்னும் ஓய்வதில்லை. நூலகத்தின் படிப்பறைகளில் நள்ளிரவிலும் இடம் கிடைப்பதரிது. தங்கள் களைப்பையே சுமக்கும் இவர்கள், பேச்சு வராத ஓர் அயல்நாட்டுப் பெண்ணைத் தாமாகத் தேடிவர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. முதலடி நம்முடையதாக இருத்தல் வேண்டும். அயல்நாட்டு மாணவர் சிலர் தம் நாட்டாரோடு மட்டுமே கூடி வாழ்ந்து, பட்டத்தோடு திரும்பிவிடுவதும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தாய்மொழிப் பேச்சு தனிமைக்கு நல்ல மருந்து. என் மகள் மலையேறும் மாணவர் மன்றம் ஒன்றிலே சேர்ந்தாள்.

அம்மன்றத்தாரோடு அவள் அடிக்கடி சென்ற இடம், நகரின் வட எல்லையிலுள்ள புக்ஹான்சான். சான் என்றால் மலை. அதன் உச்சி 836 மீட்டர். ஒரு ஞாயிறன்று என்னையும் அழைத்துச் சென்றாள். பாறையைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டிய மேற்பகுதிக்கு நான் போகவில்லை. கீழே ஒரு பாறையில் அமர்ந்துவிட்டேன். என்னினும் மூத்த கிழவர்கள் கைத்தடி ஊன்றி என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தனர். அருகில் அமர்ந்த மூதாட்டி ஒருவர் பையிலிருந்து வெள்ளரிக்காயை எடுத்து, பாதியை முறித்து என்னிடம் நீட்டினார். ஒரு கையால் வாங்கப் போனவன் நினைவு வந்து இரு கைகளாலும் வாங்கினேன். அவர் சிரித்தார்.

திரும்பும் வழியில் குவாங்ஜாங் சந்தைக்குப் போனோம். 1905ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் சந்தை அது. அங்கே கடைக்குக் கடை திரிகைகள் சுழல்கின்றன. ஊறிய பாசிப்பயற்றை அதிலிட்டு அரைத்து, எண்ணெய் பெருகும் கல்லில் தடித்த அடையாக வார்க்கின்றனர். பிந்தேத்தொக் என்பது பெயர். இறைச்சி கலவாததா என்று என் மகள் கடைக்கார அம்மாவிடம் இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். ஓராண்டுக்கு முன் ஒரு சொல்லோடு நாளைக் கழித்தவள், அந்த அம்மாவோடு விலையும் மழையும் பிள்ளைகளின் படிப்பும் பேசிக்கொண்டு நின்றாள். அடை நம் பாட்டிமார் வார்த்ததைப்போலவே இருந்தது. காரந்தான் சற்றுக் குறைவு.

பணம் கொடுக்கும்போது ஆயிரம் வொன் தாள் ஒன்றை உற்று நோக்கினேன். மிகச் சிறிய மதிப்புள்ள அத்தாளில் அரசர் படமில்லை. யி ஹ்வாங் என்னும் 16ஆம் நூற்றாண்டு ஆசிரியரின் படம் இருக்கின்றது. அவர் படத்துக்கருகே ஒரு கட்டடம். "அது இந்த ஊரில்தான் இருக்கிறது அப்பா, நாளைக்கே போகலாம்" என்றாள்.

மறுநாள் அந்தத் தாளைக் கையில் பிடித்தபடியே அங்கே சென்றேன். அது 1398இல் சியோலில் நிறுவப்பட்ட சுங்க்யுன்குவான் என்னும் பழைய அரச கல்விச்சாலையின் விரிவுரை மண்டபம். முற்றத்தில் நூற்றாண்டுகள் கண்ட இரு பெரிய ஜிங்கோ மரங்கள் தளிர்விட்டு நின்றன. இருபுறமும் பழைய மாணவர் தங்கிய சிறு அறைகள். அவற்றின் பின்னே அவர்களுடைய உணவுக்கூடம். வருகையை அங்கேதான் கணக்கிட்டார்களாம். காலையும் மாலையும் மற்றவரோடு அமர்ந்து உண்டு, ஏட்டில் பெயர் பதிந்தவனுக்கு ஒரு புள்ளி. அத்தகைய புள்ளி முந்நூறு சேர்ந்தால்தான் அங்கு தங்கிப் பயில்வோர்க்கென நடந்த தேர்வை எழுத உரிமை.

நான் அந்தத் திண்ணையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் வருகைப் பதிவேட்டை நானும் கையாண்டிருக்கின்றேன். பிள்ளை பலகைக்கு எதிரே இருந்தானா என்று பார்த்தேனேயன்றி, யாரோடு அமர்ந்து உண்டான் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. என் மகளுக்கு முதற்பருவம் முழுவதும் அந்த ஏட்டில் ஒரு புள்ளியும் விழுந்திராது. அவளை அந்நிலையில் வைத்தது என் அறிவுரை. அதை அவளிடம் சொன்னேன். "போகட்டும் அப்பா" என்று மட்டும் சொல்லி, பையிலிருந்த ஆரஞ்சுப் பழத்தை உரிக்கத் தொடங்கினாள்.

ஊர் திரும்புவதற்கு முதல்நாள் மாலை விடுதிக்குச் சென்றேன். பெண்கள் விடுதியாதலால் ஆடவர் உள்ளே போகக் கூடாது, வாயிலில் நின்றேன். துப்புரவு செய்யும் அந்த அம்மையார் வேலை முடித்து வெளியே வந்தார். என் மகள் என்னைக் காட்டி ஏதோ சொல்ல, அவர் இடுப்பு வளைய வணங்கி, என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் எதிர்பார்த்திருந்த பாப் என்னும் சொல் அதில் இல்லை. விழித்தேன்.

"உங்களுக்காகச் சொல்லை மாற்றிவிட்டார் அப்பா. பெரியவர்கள் உண்ணும் சோற்றுக்கு ஜின்ஜி என்று பெயர். உணவு கொண்டீர்களா என்று கேட்கிறார்."

"ஆயிற்று அம்மா, நீங்கள் உண்டீர்களா?" என்று தமிழிலேயே கேட்டேன். மகள் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் அவர் தலையசைத்துவிட்டார்.